முதலில் மன்னிப்பு

சத்தம் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.
இடப்பக்கம், முன்னால்,
கல் பாவிய இறக்கங்களில் மட்டும்
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல்:
டொக்.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

அண்டனானரீவோவில் சத்தம் போடாத ரெனோ ஏது.
என் கத்ரெல் என்னைவிட ஏழு வயது மூத்தது.
தரையில் ஒரு ஓட்டை,
குனிந்தால் தெரு ஓடுவது தெரியும்.
பெட்ரோல் டாங்கி என்பது
கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் புட்டி.
இத்தனைக்கும் நடுவே
ஒரு டொக்குக்கு என்ன மரியாதை?

சனிக்கிழமை காலை ஏறியவர்
தொப்பியும் வெள்ளைச் சால்வையுமாக இருந்தார்.
பெயர் லந்தோ. முப்பதுகூட இருக்காது.
பத்து மணிக்கு ஒரு வீட்டில்
மாப்பிள்ளைக்காகப் பேசிப் பெண் கேட்க வேண்டும்.
பேசுவதே தொழில்.

இசோத்ரி இறக்கத்தின் கடைசி வளைவில்
டொக் வரவில்லை.
சக்கரம் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து
படுத்துக்கொண்டது.
வண்டி மூக்கைக் கல்லில் தேய்த்து
பொறி பறக்க நின்றது.
பின்னால் வாழைக்குலை தள்ளிவந்தவன்
எனக்கென்று ஒரு வசையும் மிச்சம் வைக்கவில்லை.

லந்தோ இறங்கினார். கடிகாரம் பார்த்தார்.
மடங்கிக் கிடந்த சக்கரத்துக்கு நேரே நின்று
ஒத்திகையைத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் சபைப் பேச்சு
மன்னிப்பில்தான் ஆரம்பிக்கும்.
வானத்திடம், அதன் கீழே நிற்பதற்கு.
மண்ணிடம், அதை மிதிப்பதற்கு.
அண்ணன்மார் இருக்க
தம்பி வாய் திறப்பதற்கு.
ஒரு குற்றமும் செய்யாத மனிதர்
ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார்.
ஜாக்கி தேடுகிற சாக்கில்
டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டேன் நான்.

கரிமூட்டை லாரி ஒன்று நின்றது.
சால்வையை மடித்துச் சட்டைக்குள் செருகி
மூட்டைமேல் ஏறுமுன்
அதுவரைக்குமான கூலியை எண்ணிக் கொடுத்தார்.
சில்லறையாக இருப்பதற்கு
அதற்கும் ஒரு மன்னிப்பு.

வோலாத்தியானா வந்தாள்,
வாயில் பாதி ரொட்டியுடன்.
ஒரு ஜாக்கி, இரண்டு மரக்கட்டை, வண்டி எழுந்தது.
குழியைவிட்டுக் கழன்ற பந்து
சக்கரத்தோடு போயிருந்தது,
அதன் தண்டு கண்ணுக்குள் இறுகி
வரமாட்டேன் என்றது.
ஒரு பக்கம் சுத்தியலை என்னைத் தாங்கச் சொல்லி
மறுபக்கம் இன்னொன்றால் ஒரே அடி.
என் முழங்கைவரை அது பேசியது.

"எப்போதிலிருந்து சத்தம்?"

"இன்று காலை."

பந்தைத் துடைத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
ஒருபக்கம் தேய்ந்து முட்டையாகியிருந்தது.
கிழிந்த ரப்பர் உறைக்குள்
கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில்
போன மழைக்காலத்தின் செம்மண்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டியின் மீதியைத் தின்றாள்.

பிறகு உளி.
கம்பெனி அடித்த ரிவெட்டுகளின் தலைகளைச் சீவி
சந்தைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும்
இன்னொரு கத்ரெலின் மூட்டைக் கொண்டுவந்து
மூன்று போல்ட்டில் முடுக்கினாள்.
பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு
ஒரு நூலை இழுத்துக் கட்டி
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
நூல் ரப்பரைத் தொட்டும் தொடாமலும் நின்றது.
மணி ஒன்று.

(லந்தோ பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தாராம்.
மன்னிப்புப் பகுதி மட்டும் அரைமணி நேரம்.
அதில் ஒரு சக்கரமும் வந்ததாம்.
பெண் கொடுத்துவிட்டார்கள்.)

ரேடியோவை அணைத்து
அதே இறக்கத்தில் இறக்கினேன்.
இடப்பக்கம் ஒன்றுமில்லை.
கல் கல்லாக, ஒன்றுமே இல்லை.
வளைவுக்குச் சற்று முன்
வலப்பக்கத்திலிருந்து,
மிகச் சின்னதாக,
நகம் படுவதுபோல்:
டிக்.

திரும்பிப் போனேன்.
அவள் இன்னும் கைகூடக் கழுவவில்லை.
"மூன்று வாரம்" என்றேன்,
"அந்தச் சத்தம்."
"தெரியும்" என்றபடி
மரக்கட்டைகளைக் காலால்
வலப்பக்கம் தள்ளினாள்.